வெண்கலத்தைத் தாண்டாத கால்

ஆயுதபூசையன்று எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது தமிழ்நாட்டுத் தொழிற்கூடங்களின் பழைய வழக்கம். சுரங்கமும் அனல்மின் நிலையமுமாக வாழும் நெய்வேலிக்கு அந்த நாள் ஊர்த் திருவிழாவுக்குச் சமம். 1956 நவம்பர் 14 அன்று பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பிறகு, வேலை தேடி வந்தவர்களால் நிறைந்த நகரியம் இது. இந்து, கிறித்தவர், இசுலாமியர், பெரியார் வழியில் கடவுளை மறுப்பவர் என்று எல்லோரும் ஒரே ஷிப்டில் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறும் இடம். பூசையன்று அவர்களில் ஒருவர் எந்திரத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரும்புக்குள் தெய்வம் இருப்பதாக அவர் நம்பவில்லை. ஆனாலும் அமைதியாக நிற்கிறார். பொரியையும் கடலையையும் இரு கையாலும் வாங்கிக்கொள்கிறார். அவர் செய்தது பொய்யா? தான் நம்பாத ஒன்றைப் புனிதமாக நடத்துகிறவர் தன்னையும் பிறரையும் ஏமாற்றுகிறாரா? சிறிய கேள்விபோலத் தோன்றும் இதற்குள், புனிதம் என்பது எங்கே இருக்கிறது என்ற பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. பொருளில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா, செய்கையில் இருக்கிறதா? இதை ஆராய நெய்வேலியிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். இந்தோனேசியாவின் கமெலான் இசையைப் பல்கலைக்கழகக் குழுக்களில் கற்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வியின் வாசலில்தான் செருப்பைக் கழற்றி வைக்கிறார்கள்.

கமெலான் என்பது தனியொரு கருவியின் பெயரன்று. ஒரு கருவித் தொகுதியின் பெயர். தட்டுவதைக் குறிக்கும் சாவக (ஜாவா) மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. வெண்கலக் கட்டைகளை வரிசையாகப் பரப்பிய சாரோன், கெண்டிகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோன்ற போனாங், கெனோங், தொங்கும் கெம்புல், எல்லாவற்றுக்கும் பின்னே மூன்றடி விட்டமளவுக்கு நிற்கும் பெருங்காங்கு. இவற்றை நடத்திச் செல்ல கெண்டாங் என்னும் மத்தளம். கோயில் சேகண்டியின் கார்வையை அறிந்த நமக்கு அந்த ஓசை அந்நியமாக இராது. ஐந்து சுரங்களைக் கொண்ட சிலேண்ட்ரோ, ஏழு சுரங்களைக் கொண்ட பெலோக் என்று இரண்டு சுர அமைப்புகள் உண்டு. ஆனால் ஒரு தொகுதியின் சுரம் இன்னொரு தொகுதியின் சுரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற விதி இல்லை. ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் மட்டுமே இசைந்தது; ஒன்றிலிருந்து ஒரு சாரோனை எடுத்து வேறொன்றில் வைத்தால் அது அங்கே சேராது. அதனால்தான் அந்தத் தொகுதி ஓர் உடல்போல மதிக்கப்படுகிறது. அதற்கு 'கியாய்' என்ற மரியாதை அடைமொழியோடு பெயரும் சூட்டுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தொகுதி 'கார்மேகப் பெரியவர்' என்னும் பொருளில் கியாய் மெண்டுங். பெர்க்கிலியில் உள்ளது 'பொன்மழைப் பெரியவர்' என்னும் பொருளில் கியாய் உடான் மாஸ். சாவகத்தில் வியாழன் இரவுகளில் பெருங்காங்குக்குப் பூவும் தூபமும் வைக்கும் வழக்கம் உண்டு. கருவிகள் வைத்த இடத்தில் செருப்போடு நடக்கக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் ஒரு கருவியைத் தாண்டிச் செல்லக் கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். பூவும் தூபமும் எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டு விதிகள் மட்டும் கமெலான் சென்ற இடமெல்லாம் கூடவே சென்றன.

அவை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. 1950-களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் மேண்டில் ஹூட் என்ற ஆய்வாளர், பிறநாட்டு இசையைப் பற்றிப் படிப்பவர் அதை வாசிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். இரண்டு மொழி பேசுகிறவரைப் போல இரண்டு இசைகளுக்குள் வாழக்கூடியவரை உருவாக்குவது அவர் எண்ணம். 1960-இல் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அங்கே பயின்ற ராபர்ட் பிரௌன் மிருதங்கத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். பின்னர் கனெக்டிகட்டிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உலக இசைப் படிப்பை நிறுவியபோது, வீணை தனம்மாளின் பேரரும் பாலசரஸ்வதியின் தம்பியுமான மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதனை அங்கே ஆசிரியராக்கினார். ரங்கநாதனின் தம்பி, புல்லாங்குழல் மேதை டி. விஸ்வநாதனும் அங்கே பல்லாண்டுகள் கற்பித்தார். அதே வளாகத்தில் சாவகக் கலைஞர் சுமார்சம் 1972 முதல் கமெலான் கற்பித்தார். 1977-இல் விண்ணுக்கு ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன் இசைத்தட்டில் சாவக அரண்மனை இசை ஒன்றும் இருக்கிறது. அதைப் பதிவு செய்தவர் அந்த பிரௌனே. ஆக, கமெலான் அறையும் மிருதங்க வகுப்பும் ஒரே கூரையின் கீழ், ஒரே நம்பிக்கையோடு தொடங்கின. பிறப்பால் வராத ஒன்றை முறையாகக் கற்று அடையலாம் என்பதே அந்த நம்பிக்கை. இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மாணவர்களின் கமெலான் குழு இருக்கிறது. உலகெங்கும் இத்தகைய குழுக்களில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் சாவகத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள். காங்குக்குள் ஓர் ஆவி குடியிருப்பதாக நம்பாதவர்கள். இருந்தும் கருவியைத் தாண்டாமல் சுற்றிப் போகிறார்கள்.

இதைப் பார்க்கும் பகுத்தறிவாளரின் முதல் கேள்வி நியாயமானது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அதைத் தாண்டினாலும் ஒலி மாறப்போவதில்லை. கட்டைகளில் கால் படாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால், கவனமாக நட என்று சொன்னால் போதுமே. புனிதம் என்ற பேச்சு எதற்கு? இதற்கு விடை அந்த இசையின் அமைப்பிலேயே இருக்கிறது. கமெலானில் தனிக் கதாநாயகர் இல்லை. பாலித் தீவில் ஒரே மெட்டை இருவருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் தட்டுவார். கேட்கிறவருக்கு, ஒரு மனிதக் கை எட்ட முடியாத வேகத்தில் ஒரே சரமாக அது ஓடும். இருவரில் யாரிடமும் மெட்டு முழுதாக இல்லை. சாவக இசையில் இது இன்னும் ஆழமானது. 1975-இல் சுமார்சம் எழுதிய ஆய்வு, எந்தக் கருவியும் முழுமையாக வாசிக்காத, ஆனால் வாசிக்கும் எல்லோர் உள்ளத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அகமெட்டைப் பற்றிப் பேசுகிறது. நம் கச்சேரியில் தாளச் சுற்றின் தொடக்கம்தான் கனமான இடம். சமத்தில் வந்து விழுவதற்குக் கைதட்டல் கிடைக்கும். சாவகத்தில் கனம் முழுவதும் சுற்றின் முடிவில், பெருங்காங்கின் ஓர் அடியில் இருக்கிறது. காங்கு வாசிப்பவர் நெடுநேரம் காத்திருந்து ஒருமுறை தட்டுகிறார்; அந்த ஒரு தட்டில்தான் மற்ற எல்லோருடைய வேலையும் பொருள் பெறுகிறது. இப்படிப்பட்ட இசையைக் கற்க விரல் பயிற்சி மட்டும் போதாது. என் பங்கு சிறியது, அது இல்லாவிட்டால் முழுமையும் இல்லை என்ற இரண்டையும் ஒருசேர உடம்பு கற்க வேண்டும். குறுக்கே தாண்டாமல் சுற்றிப் போகும் மாணவர், ஒவ்வொரு முறையும் மற்றவரின் இடத்தைக் கடந்து, அதைக் கவனித்துப் போகிறார். வாசிக்கத் தொடங்கும் முன்பே பாடம் காலிலிருந்து தொடங்கிவிடுகிறது. கவனமாக நட என்ற எச்சரிக்கை கருவியைக் காக்கும். தாண்டாதே என்ற விதி மாணவரை ஆக்குகிறது.

இதிலிருந்து என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். புனிதம் என்பது நாம் பேணுவதால் நிலைபெறுவது. 'பேணுதல்' என்ற தமிழ்ச் சொல்லில் போற்றுதல், பாதுகாத்தல், வழுவாமல் கடைப்பிடித்தல் என்ற மூன்று பொருளும் கலந்திருக்கின்றன; 'நம்புதல்' அதிலிருந்து வேறான சொல். ஒருவர் தம் செய்கைக்குத் தாமே ஓர் எல்லையை ஏற்றுக்கொண்டு அதை மீறாமல் இருக்கும்போது, அந்த எல்லைக்குள் இருக்கும் பொருள் புனிதமாகிறது. அவர் உள்ளத்தில் அந்தப் பொருளைப் பற்றி என்ன கோட்பாடு இருக்கிறது என்பது அடுத்த விஷயம். தமிழ் வீடுகளில் புத்தகத்தின் மேல் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். கணிதப் புத்தகத்துக்கும் அதே மரியாதைதான். சரசுவதியை நம்பாதவர் கையும் அந்த நேரத்தில் தானாகக் கீழே போகும். யாரும் அவரைப் போலி என்று சொல்வதில்லை. அறிவு மிதிபடக் கூடாது என்ற எல்லையை அவர் பேணுகிறார். நம்பிக்கை இல்லாமலே அந்தச் செய்கை முழுமையாக நேர்மையானது.

நம் கோயில் மரபே இதற்குச் சான்று தருகிறது. ஐம்பொன் சிலை வார்க்கும் சுவாமிமலைச் சிற்பி அந்த உருவத்தைத் தரையில் கிடத்துவார், உளியால் செதுக்குவார், அரத்தால் தேய்ப்பார். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. உரிய சடங்குகளோடு கண் திறந்து நிலைநிறுத்திய பிறகு அதே உலோகத்தை அப்படித் தொட முடியாது. குடமுழுக்குக்கு முன் திருப்பணி செய்ய வேண்டியிருந்தால் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரின் ஆற்றலைச் சடங்கின் வழியே வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, கொத்தனார் விமானத்தின் மேல் ஏறிச் சுண்ணாம்பு பூசுகிறார். வேலை முடிந்ததும் மறுபடி எல்லை வகுக்கப்படுகிறது. நெய்வேலியில் பத்தடி உயர ஐம்பொன் நடராசர் இருக்கிறார். வார்ப்படக் கூடத்தில் அந்த உலோகம் நெருப்பில் உருகிய பொருள். கோயிலில் அது ஆண்டவன். இடையில் மாறியது உலோகத்தின் கலவை அன்று. அதன் முன் மனிதர் நடந்துகொள்ளும் விதம். பக்தர் இங்கே ஒரு மறுப்பைச் சொல்வார்: மாறியது மனிதரின் நடத்தை மட்டுமன்று, இறைவன் அங்கே எழுந்தருளினான். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. எழுந்தருளியதை உலகம் அறிவது எதனால் என்பதுதான் என் கேள்வி. செய்கையால்தான் அறிகிறது, எழுந்தருளச் செய்யும் செய்கை, அதன்பின் தாண்டாமல் நிற்கும் செய்கை. அந்தச் செய்கைகள் நின்றுபோன மூர்த்தி அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் கலைப்பொருளாக நிற்பதை எழும்பூரில் பார்க்கலாம். அங்கேயும் கைகூப்பும் ஒருவர் வந்தால், அவர் நிற்கும் அந்தக் கணத்துக்கு அது மறுபடி மூர்த்தியாகிறது.

பக்தரின் இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. நம்பாதவர் புனிதத்தைத் தொடுவது வேடம். அடுத்தவர் வழிபாட்டை எடுத்து நடிப்பது ஒருவகைத் திருட்டு என்பார். இதற்குச் சாவகமே விடை சொல்கிறது. அங்கே பெரும்பான்மையோர் முசுலிம்கள். அவர்கள் மத்தியில்தான் இராமாயணமும் மாபாரதமும் தோல்பாவைக் கூத்தாக விடியவிடிய நடக்கின்றன. கமெலான் இல்லாமல் அந்தக் கூத்து இல்லை. யோக்யகர்த்தா அரண்மனையின் கியாய் குந்துர் மது, கியாய் நாக விலாக என்ற இரண்டு பழைய கமெலான் தொகுதிகள் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளை ஒட்டிய செகாத்தேன் விழாவில் பெரிய பள்ளிவாசலின் முற்றத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு வாசிக்கப்படுகின்றன. நாகன் என்ற பெயர் தாங்கிய வெண்கலம் பள்ளிவாசல் முற்றத்தில் ஒலிக்கிறது. எழுதி வைத்த எந்தக் கோட்பாட்டாலும் இதை விளக்கிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பேணியதால் அது நிற்கிறது. நமக்கும் இது புதிதன்று. ஷேக் சின்ன மௌலானா இசுலாமியர். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறி நாகசுரத்தையே வாழ்வாக்கிக்கொண்டவர். 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவர் வழியில் வந்த ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் இணையர் 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அவர்கள் நாகசுரத்தில் தியாகராசரின் கீர்த்தனை எழும்போது, வாசிப்பவரின் மதம் என்ன என்று இராகம் கேட்கவில்லை. கேட்டது சுருதி சுத்தத்தையும், சீவாளியைப் பேணிய பொறுமையையும், பல்லாண்டுச் சாதகத்தையும். நம்பிக்கையை நுழைவுச் சீட்டாகக் கேட்டிருந்தால் நம் இசை எவ்வளவு ஏழையாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் பல்கலைக்கழகம் ஏற்ற இடம்தானா என்ற ஐயம் எழும். பருவத் தேர்வும் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் உள்ள இடத்தில் பேணுதல் வளருமா? குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்து கேள்வியால் வந்த இசையை, எண்களால் எழுதிய தாளில் வாரம் இருமுறை கற்றால் அதன் உயிர் போய்விடாதா? இந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் அகமெட்டைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் நிறுவனமும் எழுத்தும் மேற்கிலிருந்து வந்த சீர்கேடு என்று எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எண்களால் எழுதும் அந்த முறை சுராகர்த்தாவில் பிறந்தது. 1950-இல் அங்கேயே இசைக்கென்று அரசுப் பள்ளி தொடங்கியது. நெய்வேலிக்கு அருகே சிதம்பரத்திலும் இதே முயற்சி நடந்தது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்தது, அதன் இசைக் கல்லூரிக்கு டைகர் வரதாச்சாரியார் முதல்வராக இருந்தார், எம். எம். தண்டபாணி தேசிகர் அங்கே பேராசிரியராக இருந்து தமிழிசையை வளர்த்தார். கோயில் தெருவிலும் திண்ணையிலும் குடும்ப வழியாக வந்த நாகசுரமும் தவிலும் தேவாரமும் பாடத்திட்டமாயின. குருகுலத்தின் நெருக்கத்தை வகுப்பறை இழந்தது உண்மை. அதற்கு ஈடாக ஒரு வாசலைத் திறந்தது: எந்தக் குடும்பத்தில் பிறந்தாய் என்று கேட்காமல் கற்பிக்கும் வாசல். திண்ணை தர முடியாத ஒன்றை வகுப்பறை தந்தது. அந்த வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வதுதான் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். கமெலான் குழுக்கள் அதைச் செய்கின்றன. அதனால்தான் மதிப்பெண்ணுக்காக வந்த மாணவரும் அங்கே மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒன்றைத் தொட்டுவிட்டுப் போக வழி இருக்கிறது.

இனி, என் வாதத்துக்கு எதிரான மிகக் கூர்மையான கேள்வியைச் சந்திக்க வேண்டும். எல்லையைப் பேணுவதால் புனிதம் பிறக்கிறது என்றால், தீண்டாமையும் ஓர் எல்லைதானே? இதைத் தொடாதே, இந்தத் தெருவில் நடக்காதே, இந்தக் கருவறைக்கு இவ்வளவு தூரத்தில் நில் என்று சொன்னவர்களும் பேணுவதாகத்தானே சொன்னார்கள்? பறை என்ற கருவியை எண்ணிப் பாருங்கள். அதுவும் தோலும் மரமும் சேர்ந்ததே. மிருதங்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட சமூகம் பறையையும் அதை இசைத்தவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தியது. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோல் பதப்படுத்தித் தந்த கைகளும் வெளியேதான் நின்றன. இந்த வரலாற்றுக்கு முன்னால் புனிதம் என்ற சொல்லைக் கூச்சமின்றி உச்சரிக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் விடையும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. கமெலான் அறையின் விதி உள்ளே வருகிற எல்லோருடைய காலுக்கும் ஒன்று. ஆசிரியர் தாண்டினாலும் தவறுதான். அது நான் என் காலுக்கு இட்டுக்கொள்ளும் எல்லை. தீண்டாமை அடுத்தவர் காலுக்கு நான் இடும் எல்லை. அதில் என் கால் எங்கும் போகலாம், உன் கால்தான் நிற்க வேண்டும். தன்னைக் கட்டும் எல்லை பேணுதல். பிறரைக் கட்டும் எல்லை ஆதிக்கம். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டியதுதான் நம் பெரும் பிழை. 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது புனிதம் குறையவில்லை. அதன்மேல் ஏறியிருந்த துரு ஒன்று கழன்றது. கமெலானும் இந்தக் குற்றத்திலிருந்து முழுதும் தப்பியதன்று. பாலியில் பெண்கள் குழுவாக அமர்ந்து வாசிப்பது 1980-களுக்குப் பிறகுதான் பரவலாயிற்று. பேணுதல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கும் அதுவே சான்று. இன்று பறை கல்லூரி வளாகங்களிலும் புலம்பெயர்ந்த தமிழர்களின் மேடைகளிலும் ஒலிக்கிறது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புனிதம் பொருளின் பிறவிக் குணமாக இருந்திருந்தால் பறையின் இழிவும் பிறவிக் குணமாக நிலைத்திருக்கும். அது நம் செய்கையில் இருப்பதால்தான் நம்மால் அந்த அநீதியைத் திருத்த முடிகிறது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி நெய்வேலிக்கு வருவோம். எந்திரத்துக்குப் பொட்டு வைத்து நிற்பவர், தெய்வத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும், பொய் சொல்லவில்லை. தன் உயிரையும் சோற்றையும் அந்த எந்திரத்தோடு பகிர்ந்துகொள்பவர், ஆண்டில் ஒருநாள் அதை இயக்காமல் நிறுத்தி, அதன் முன் பணிந்து நிற்கிறார். நிறுத்துவதும் ஓர் எல்லைதான். ஆனால் கேள்வி அங்கே முடிந்துவிடாது. பேணுதலின் உரைகல், அது நம்மை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பது. 2023 சூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் கதிர் வைத்த நெல்வயலுக்குள் கால்வாய் வெட்டுவதற்காக நிலக்கரி நிறுவனத்தின் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. அந்த நிலத்துக்கு உரிய இழப்பீடு, சட்டப்படி கையகப்படுத்தியது எப்போது என்பவையெல்லாம் நீதிமன்றம் பேசிய வழக்குகள். அவற்றுக்குள் நான் போகவில்லை. விளைந்த பயிரை மிதிக்கக் கூடாது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத, தமிழ் உழவர்கள் எல்லோரும் பேணிய எல்லை. அறுவடை வரைக்கும் பொறுத்திருப்பது, கருவியைத் தாண்டாமல் சுற்றிப் போவதைப் போன்றது. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவே. கருவிக்குச் சந்தனம் வைத்துவிட்டு, அந்தக் கருவி எங்கே கால் வைக்கக் கூடாது என்பதைக் கேட்காமல் விட்டால், அந்தச் சந்தனம் வெறும் பூச்சாகிவிடும். எதையும் தடுக்காத புனிதம் அலங்காரம். தன்னைத் தடுத்துக்கொள்ளும் புனிதமே அறம். சாவக மாணவரும் பாலி மாணவரும் லாஸ் ஏஞ்சலிஸ் மாணவரும் ஒரு வெண்கலக் கட்டையின் முன் கற்றுக்கொள்வது இந்தச் சிறிய தடையைத்தான்.

நெய்வேலி நகரியத்தில் பெரும்பாலோர்க்கு இந்த மண் பிறப்பால் வந்ததன்று. வேலைக்காக வந்து வட்டம் வட்டமாகக் குடியேறியவர்கள் ஒருபுறம். நிலக்கரிக்காகத் தம் ஊரையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுக்கொடுத்து வெளியேறியவர்கள் மறுபுறம். பரம்பரையால் மட்டுமே புனிதம் வரும் என்றால் இங்கே எவருக்கும் எதுவும் மிஞ்சாது. கற்றலாலும் பேணுதலாலும் அது வரும் என்றால், இந்த ஊரைப்போல் அதற்கு ஏற்ற இடம் வேறில்லை. ஒரே ஷிப்டில் பல மதத்தவர் சேர்ந்து ஒரு கொதிகலனைக் காக்கத் தெரிந்த ஊருக்கு, ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் தட்டும் இசை அந்நியமாக இருக்க முடியாது. கமெலானைத்தான் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் சேகண்டி இருக்கிறது, தவில் இருக்கிறது, பறை இருக்கிறது, கொம்பும் எக்காளமும் இருக்கின்றன. நெய்வேலியின் பள்ளிகளும் சிதம்பரத்தின் பல்கலைக்கழகமும் இவற்றையெல்லாம் ஒரே அறையில், ஒரே தரையில் வைத்து, சாதியும் மதமும் ஆணும் பெண்ணும் பாராமல் பிள்ளைகளுக்குக் கூட்டாக வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். அந்த அறைக்கு இரண்டு விதிகள் போதும். செருப்பை வெளியே விடுங்கள். எந்தக் கருவியையும் தாண்டாதீர்கள். பறையாக இருந்தாலும் மிருதங்கமாக இருந்தாலும் சுற்றியே போங்கள். என்ன நம்புகிறாய் என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டியதில்லை.